பிறப்பிலேயே குற்றவாளியா?

உரைநடைப் பகுதி

நுழையும் முன்

கொள்ளையரைப் பற்றிய கதைகள் எல்லா நாட்டிலும் உண்டு. இங்கிலாந்தில் இராபின் ஹூட், ஆஸ்திரேலியாவில் நெட் கெல்லி, வட இந்தியாவில் சுல்தானா எனப் பலர் மக்கள் நினைவில் வாழ்கின்றனர். இவர்களைப் போற்றுவோரும் உளர், தூற்றுவோரும் உளர். இரண்டில் எதைச் செய்வதற்கு முன்னும் நாம் கேட்க வேண்டிய வினாக்கள் இரண்டு. அவர் செய்தது என்ன? அதற்கு முன் அவருக்குச் செய்யப்பட்டது என்ன? இவ்விரு வினாக்களோடு இப்பாடத்தைப் படிப்போம்.

கோட்டைக்கு வந்த பெயர்

தில்லியிலிருந்து கோட்துவார் செல்லும் இரயில் வழியில் நஜீபாபாத் என்னும் ஊர் உள்ளது. உத்தரப்பிரதேச மாநிலத்தின் பிஜ்னோர் மாவட்டத்தில், இமயமலையின் அடிவாரக் காடுகளுக்கு அருகில் அமைந்த ஊர் அது. ரோகில்லாத் தலைவர் நஜீபுத்தௌலா 18-ஆம் நூற்றாண்டில் அவ்வூரை நிறுவினார். 1761-இல் நடந்த மூன்றாம் பானிப்பட்டுப் போருக்குப் பின் தில்லியின் ஆட்சிப் பொறுப்பும் சில ஆண்டுகள் அவர் கையில் இருந்தது.

அவர் ஊருக்கு அருகில் ஒரு கோட்டையை எழுப்பினார். அதன் பெயர் பத்தர்கட்; 'கற்கோட்டை' என்பது பொருள். ஆனால் அவ்வூர் மக்களிடம் வழி கேட்டால், 'சுல்தானா டாகூவின் கோட்டை' என்றே சொல்வர். 'டாகூ' என்னும் இந்திச் சொல் கொள்ளையரைக் குறிக்கும் என்பதைத் தில்லியில் வாழும் நீங்கள் அறிவீர்கள். கோட்டையைக் கட்டியவர் பெயர் பின்னே போய்விட்டது; அதில் அடைக்கப்பட்டிருந்தவர் பெயர் நிலைத்துவிட்டது. இது எவ்வாறு நிகழ்ந்தது?

ஒரு சட்டமும் ஒரு சமூகமும்

1871-ஆம் ஆண்டு அக்டோபர் 12-ஆம் நாள் ஆங்கில அரசு குற்றப் பழங்குடிகள் சட்டத்தை இயற்றியது. முதலில் அது வட இந்தியப் பகுதிகளில் நடைமுறைக்கு வந்தது. பொதுவாகச் சட்டம் என்பது குற்றம் செய்த மனிதரைத் தண்டிக்கும். இச்சட்டமோ ஒரு சமூகம் முழுவதையும் 'குற்றப் பழங்குடி' என அறிவிக்கும் அதிகாரத்தை அரசுக்கு வழங்கியது. அவ்வறிவிப்பை எதிர்த்து நீதிமன்றம் செல்லவும் வழியில்லை.

'தச்சர் மகன் தச்சராவதுபோலக் கள்வர் மகன் கள்வராவான்' என்று இச்சட்டத்தை ஆதரித்தோர் வாதிட்டனர். இந்தியாவில் தொழில்கள் குலவழி வந்தவை. ஆகவே திருட்டும் ஒரு குலத்தொழிலே என்பது அவர்கள் எண்ணம். அறிவிக்கப்பட்ட சமூகத்தினர் தம் பெயரைப் பதிவு செய்ய வேண்டும். குறித்த நேரத்தில் காவலர் முன் நின்று வருகையைத் தெரிவிக்க வேண்டும். அனுமதிச் சீட்டு இன்றி வேற்றூர் செல்லக் கூடாது. மீறினால் தண்டனை உண்டு. திருடாதவருக்கும் இதே விதிதான். பின்னர் வந்த திருத்தங்கள் குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து வைக்கவும் இடமளித்தன.

இவ்வாறு அறிவிக்கப்பட்ட சமூகங்களுள் ஒன்று பாந்து. தம் முன்னோர் மேவார் அரசர் ராணா பிரதாப்பின் வழியினர் என்று கூறிக்கொண்ட மக்கள் அவர்கள். நஜீபாபாத் கோட்டையை அரசு குடியிருப்பாக மாற்றி, பாந்து மக்களில் பல நூற்றுவரை அங்கே தங்க வைத்தது. அதனைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு இரட்சணிய சேனை என்னும் கிறித்தவ அமைப்பிடம் ஒப்படைக்கப்பட்டது. அக்கோட்டையில் மனைவியோடு அடைபட்டிருந்த இளைஞர்களுள் ஒருவர்தாம் சுல்தானா.

காட்டில் கழிந்த காலம்

ஓரிரவு சுல்தானா கோட்டைச் சுவரில் ஏறித் தப்பிச் சென்றார். விரைவில் ஏறக்குறைய நூறு பேர் துப்பாக்கிகளோடு அவருடன் சேர்ந்தனர். இமயத்தின் அடிவாரத்தில் தராய் என வழங்கும் சதுப்பும் புல்வெளியும் நிறைந்த நிலம் அவர்களுக்கு மறைவிடம் ஆயிற்று. செல்வர் வீடுகளும் கடைவீதிகளும் கொள்ளை போயின. எதிர்த்தவர் தாக்கப்பட்டனர், உயிர்களும் பறிபோயின. மாலை விளக்கேற்றும் வேளையிலேயே கதவடைத்துக்கொண்ட ஊர்கள் பல.

கொள்ளைக் கூட்டத்தைப் பிடிக்க முந்நூறு பேர் கொண்ட தனிக் காவற்படை அமைக்கப்பட்டது. அதன் தலைவர் பிரெடரிக் யங் என்னும் ஆங்கில அதிகாரி. காட்டுவழி அறிந்த ஒருவர் துணை அவருக்குத் தேவைப்பட்டது. நைனிதாலில் பிறந்தவரும் ஆட்கொல்லிப் புலிகளை வேட்டையாடிப் புகழ்பெற்றவருமான ஜிம் கார்பெட் அத்துணையாக வந்தார். இன்று நாம் சுற்றுலா செல்லும் கார்பெட் தேசியப் பூங்கா அவர் பெயரையே தாங்கியுள்ளது.

சுல்தானாவைத் துரத்திச் சென்ற அனுபவங்களைக் கார்பெட் 'எனது இந்தியா' என்னும் நூலில் எழுதினார். தாம் வேட்டையாடிய மனிதரைப் பற்றி அவர் தரும் செய்திகள் வியப்பளிக்கின்றன. சுல்தானா ஏழைகளிடம் காசு பறித்ததில்லை. உதவி கேட்டு வந்தவரை வெறுங்கையோடு அனுப்பியதில்லை. சிறு கடைகளில் பொருள் வாங்கும்போது கேட்ட விலையைப் போல இருமடங்கு கொடுத்தார் என்று கார்பெட் குறிப்பிடுகிறார். தம்மைத் தேடி வந்தவர்களைச் சுட்டுக்கொல்ல வாய்ப்பு இருந்தும் சுல்தானா சுடாமல் விட்டார். அவ்வாறு உயிர் பிழைத்தவர்களுள் கார்பெட்டும் ஒருவர்.

துப்பாக்கிக்கு மாற்றாகத் தர்ப்பூசணி

ஒருமுறை யங்கும் சுல்தானாவும் நேரில் சந்திக்க உடன்பட்டனர். இருவரும் ஆயுதமின்றி வரவேண்டும் என்பது ஏற்பாடு. சுல்தானா கையில் ஒரு தர்ப்பூசணிப் பழத்தோடு வந்தார். அதனைப் பகிர்ந்து உண்ண யங்கையும் அழைத்தார். தண்டனைக் குறைப்பு எதற்கும் உறுதியளிக்கும் அதிகாரம் யங்கிடம் இல்லை. நிபந்தனையின்றிச் சரணடைய வேண்டும் என்றே அவரால் கூற முடிந்தது. சுல்தானா அதற்கு இசையவில்லை. இருவரும் பகையின்றிப் பிரிந்தனர், துரத்தல் தொடர்ந்தது.

1923-ஆம் ஆண்டில் சுல்தானா பிடிபட்டார். வழக்கு நடந்தது. 1924-இல் அவர் தூக்கிலிடப்பட்டார். சிறையில் இருந்தபோது தம் மனைவியையும் மகனையும் காக்கும் பொறுப்பை அவர் யங்கிடமே ஒப்படைத்தார். தாம் அன்போடு வளர்த்த நாயையும் அவருக்கே அளித்தார். யங் தாம் கொடுத்த வாக்கைக் காத்தார் என்று கார்பெட் எழுதுகிறார்.

சமூகத்தைக் காக்க இத்தண்டனை தேவைப்பட்டது என்பதைக் கார்பெட் மறுக்கவில்லை. ஆயினும், பிறந்தபோதே குற்றவாளி என முத்திரை குத்தப்பட்டு, நேர்மையாக வாழும் வாய்ப்பே பெறாத ஒருவருக்குச் சற்று இரக்கம் காட்டியிருக்கலாம் என அவர் வருந்தினார். பிடிக்கச் சென்றவர் உள்ளத்தில் தோன்றிய இவ்வருத்தம் நம் சிந்தனைக்கு உரியது.

சுல்தானாவின் கதையை வட இந்திய மக்கள் மறக்கவில்லை. நம் தெருக்கூத்தைப் போன்று பாட்டும் வசனமும் கலந்த நௌடங்கி நாடகங்களில் அவர் கதைத்தலைவர் ஆனார். பின்னர்த் திரைப்படத்திலும் இடம்பெற்றார். கதை வளர வளர, அவருடைய வள்ளன்மை பெரிதாயிற்று; கொள்ளைக்கு ஆளானோரின் துயரம் சிறிதாயிற்று.

கடல் கடந்த ஓர் ஒப்புமை

இதே நிலையை ஆஸ்திரேலியாவிலும் காண்கிறோம். காட்டில் மறைந்து வாழ்ந்து வழிப்பறியும் கொள்ளையும் செய்தோர் அங்குப் பலர் இருந்தனர். அவர்களுள் பெரும்புகழ் பெற்றது கெல்லி கூட்டம். நெட் கெல்லி, அவர் தம்பி டான் கெல்லி, ஜோ பைர்ன், ஸ்டீவ் ஹார்ட் ஆகிய நால்வர் அதில் இருந்தனர். நெட்டின் தந்தை அயர்லாந்திலிருந்து கைதியாகக் கப்பலேற்றி அனுப்பப்பட்டவர். தம்மைப் போன்ற ஏழைக் குடியேறிகளைக் காவலர் ஓயாமல் துன்புறுத்தினர் என்பது நெட் கெல்லியின் குற்றச்சாட்டு.

1878 அக்டோபரில் கெல்லி கூட்டம் காவலர் மூவரைச் சுட்டுக் கொன்றது. உடனே விக்டோரியா அரசு நால்வரையும் சட்டத்தின் காப்பிற்கு வெளியே தள்ளியது. அதாவது, அவர்களை எவர் சுட்டாலும் குற்றமாகாது. இரு வங்கிகளைக் கொள்ளையிட்ட அக்கூட்டம் 1880 சூன் திங்களில் கிளென்ரோவன் என்னும் ஊரில் சுற்றிவளைக்கப்பட்டது. கலப்பை இரும்பால் செய்த கவசம் அணிந்து நெட் போரிட்டார். மற்ற மூவரும் அங்கேயே இறந்தனர். நெட் மட்டும் பிடிபட்டு, 1880 நவம்பர் 11-ஆம் நாள் மெல்போர்ன் சிறையில் தூக்கிலிடப்பட்டார். அவர் உயிரைக் காக்குமாறு வேண்டிய மனுவில் முப்பதாயிரத்திற்கும் மேற்பட்டோர் ஒப்பமிட்டிருந்தனர். 1906-இல் அவர் கதை திரைப்படமாயிற்று. உலகின் முதல் முழுநீளக் கதைப்படம் அதுவே எனக் கருதப்படுகிறது.

இரு கதைகளும் ஒத்துள்ளன. ஆனால் ஓரிடத்தில் பிரிகின்றன. கெல்லி கூட்டத்தார் கொலை செய்த பின்னரே சட்டத்தின் காப்பை இழந்தனர். அதுவும் அந்நால்வர் மட்டுமே இழந்தனர். சுல்தானாவோ எதுவும் செய்வதற்கு முன்பே, பாந்து குடும்பத்தில் பிறந்த காரணத்தால், குற்றப் பட்டியலுக்குள் வந்தவர். ஆஸ்திரேலியாவில் செயல் முன்னது, பெயர் பின்னது. இந்தியாவில் பெயர் முன்னது.

தமிழகத்தில் 'ரேகைச் சட்டம்'

வடக்கில் தொடங்கிய இச்சட்டம் 1911-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சென்னை மாகாணத்திற்கும் வந்தது. தமிழகத்தில் இச்சட்டத்திற்கு உட்படுத்தப்பட்ட சமூகங்களுள் மதுரைப் பகுதியில் வாழும் பிறமலைக் கள்ளர் சமூகமும் ஒன்று. உழவிலும் ஊர்க்காவலிலும் ஈடுபட்டிருந்த அம்மக்கள், தம் கைவிரல் ரேகையைப் பதிய வேண்டும் என்று கட்டாயப்படுத்தப்பட்டனர். எனவே மக்கள் வழக்கில் இது 'ரேகைச் சட்டம்' எனப்பட்டது.

உசிலம்பட்டிக்கு அருகிலுள்ள பெருங்காமநல்லூர் மக்கள் ரேகை பதிய மறுத்தனர். 1920 ஏப்ரல் 3-ஆம் நாள் காவலர் அவர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடத்தினர். பதினாறு பேர் உயிரிழந்தனர். அவர்களுள் ஒருவர் மாயக்காள் என்னும் பெண். காயமுற்றோருக்குத் தண்ணீர் கொடுத்தவர் அவர் என அவ்வூர் மக்கள் நினைவுகூர்கின்றனர். உயிர்நீத்தோருக்கு அங்கே நினைவுத்தூண் உள்ளது.

பெருங்காமநல்லூர் மக்கள் கொள்ளைக் கூட்டம் சேர்க்கவில்லை; 'குற்றம் செய்யாத நாங்கள் ஏன் ரேகை பதிய வேண்டும்?' என்றே கேட்டனர். அவர்களுக்காக மதுரை வழக்கறிஞர் ஜார்ஜ் ஜோசப் வாதாடினார். கேரளத்தில் பிறந்த அவரை மக்கள் 'ரோசாப்பூ துரை' என்று அன்போடு அழைத்தனர். நீண்ட போராட்டத்தின் பயனாக 1947-இல் சென்னை மாகாணத்தில் இச்சட்டம் நீக்கப்பட்டது.

தில்லியில் வந்த விடுதலை

நாடு விடுதலை பெற்றபின் இச்சட்டத்தை ஆராய அனந்தசயனம் ஐயங்கார் தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டது. பிற்காலத்தில் மக்களவைத் தலைவராக விளங்கியவர் அவர். சட்டத்தை நீக்கவேண்டும் என்று அக்குழு பரிந்துரைத்தது. 1952 ஆகஸ்ட் 31-ஆம் நாள் நாடு முழுவதும் குற்றப் பழங்குடிகள் சட்டம் முடிவுக்கு வந்தது. நாடு 1947-இல் விடுதலை பெற்றது. இம்மக்களுட் பலர் மேலும் ஐந்து ஆண்டுகள் காத்திருந்தனர். கார்பெட்டின் 'எனது இந்தியா' வெளிவந்ததும் அதே 1952-ஆம் ஆண்டில்தான்.

சட்டத்தை ஒரு நாளில் நீக்கலாம். அது மக்கள் மனத்தில் பதித்த எண்ணத்தை அவ்வாறு நீக்க இயலாது. ஆகவேதான் பட்டியலிலிருந்து விடுபட்ட சமூகங்களின் கல்விக்கும் முன்னேற்றத்திற்கும் அரசுகள் தனித் திட்டங்களை வகுத்துள்ளன. தமிழ்நாட்டில் இச்சமூகத்தினரைச் 'சீர்மரபினர்' என்னும் கண்ணியமான சொல்லால் குறிக்கின்றனர்.

நாம் கொள்ள வேண்டிய நடுவுநிலை

இப்போது தொடக்கத்தில் கேட்ட இரு வினாக்களுக்கு வருவோம். சுல்தானா செய்தது கொள்ளை. அதனால் மக்கள் பொருளை இழந்தனர், உயிரையும் இழந்தனர். இதனை மறைத்து அவரைத் தலைவராக்குவது, துன்புற்றோருக்கு நாம் செய்யும் அநீதி. அவருக்குச் செய்யப்பட்டதும் அநீதியே. அதனை மறைத்து அவரை வெறும் கொடியவராகக் காட்டுவதும் முழு உண்மை ஆகாது.

இங்கே ஒன்றைக் கூர்ந்து நோக்க வேண்டும். கோட்டைக்குள் அடைபட்டோர் பல நூற்றுவர். சுல்தானாவோடு துப்பாக்கி ஏந்தியோர் ஏறக்குறைய நூறு பேர். எல்லாரையும் ஒரே சட்டம்தான் அழுத்தியது. எல்லாரும் ஒரே குலத்தில்தான் பிறந்தனர். பிறப்பே ஒருவரைக் கொள்ளையர் ஆக்குமாயின், கோட்டைக்குள் அமைதியாக வாழ்ந்தவர்களை எவ்வாறு விளக்குவது? அடக்குமுறை ஒன்றே காரணமாயின், பெருங்காமநல்லூர் மக்களை எவ்வாறு விளக்குவது? மனிதரின் செயலுக்கு அவரவரே பொறுப்பு. அப்பொறுப்பைக் குலத்தின் மீது ஏற்றுவதும் தவறு. குலத்தின் பெயரால் ஒருவருக்கு வாழும் வழியை அடைப்பதும் தவறு.

'கள்வன்' என்னும் ஒரு சொல் கோவலன் உயிரைக் குடித்ததைச் சிலப்பதிகாரத்தில் படித்திருக்கிறீர்கள். பாண்டிய மன்னன் ஆராயாமல் சொன்ன சொல் அது. கோவலன் குற்றமற்றவன், சுல்தானா அத்தகையவர் அல்லர். ஆயினும் சுல்தானா பிறந்தபோது அவர் மீது விழுந்த சொல்லும் ஆராயாமல் சொல்லப்பட்டதே.

சொந்த ஊரை விட்டு வந்து வாழும் குடும்பங்களுக்கு இது புதிய செய்தி அன்று. 'இந்த ஊர்க்காரர்கள் இப்படித்தான்', 'அந்த மொழிக்காரர்கள் அப்படித்தான்' என்னும் பேச்சு நம் காதிலும் விழுவதுண்டு. நம் வாயிலும் வருவதுண்டு. அடுத்த முறை அது வரும்போது, ஒரு கோட்டைக்குள் பெயரால் மட்டுமே அடைக்கப்பட்டிருந்த பல நூற்றுவரை எண்ணிப் பாருங்கள்.

தெரிந்து தெளிவோம்

1926-ஆம் ஆண்டளவில் பாந்து குடும்பங்கள் சில அந்தமான் தீவுகளுக்கு அனுப்பப்பட்டன. அவர்தம் வழியினர் இன்றும் அங்கு வாழ்கின்றனர்.

சொல்லும் பொருளும்

சதுப்பு – நீர் ஊறிய சேற்றுநிலம்
சரணடைதல் – அடைக்கலம் புகுதல்
நிபந்தனை – கட்டுப்பாடான விதி
முத்திரை – அடையாளம்
வள்ளன்மை – ஈகைக் குணம்
ஒப்பம் – கையெழுத்து
நடுவுநிலை – ஒரு பக்கம் சாயாத நிலை

மதிப்பீடு

அ. கோடிட்ட இடத்தை நிரப்புக.
1. பத்தர்கட் என்பதன் பொருள் ________.
2. பெருங்காமநல்லூர் துப்பாக்கிச் சூடு நடந்த ஆண்டு ________.
3. பட்டியலிலிருந்து விடுபட்ட சமூகத்தினரைத் தமிழ்நாட்டில் ________ என்பர்.

ஆ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. குற்றப் பழங்குடிகள் சட்டம் பிற சட்டங்களிலிருந்து எவ்வாறு வேறுபட்டது?
2. 'ரேகைச் சட்டம்' எனப் பெயர் வரக் காரணம் யாது?
3. சந்திப்பிற்குச் சுல்தானா தர்ப்பூசணியோடு வந்தது அவருடைய எப்பண்பைக் காட்டுகிறது?

இ. விரிவாக விடை எழுதுக.
1. நெட் கெல்லி, சுல்தானா ஆகியோர் வாழ்வில் காணும் ஒற்றுமை வேற்றுமைகளைத் தொகுத்து எழுதுக.
2. 'கதை வளர வளர, கொள்ளைக்கு ஆளானோரின் துயரம் சிறிதாயிற்று.' இக்கூற்றின் பொருளை விளக்கி, உங்கள் கருத்தை எழுதுக.

மொழியோடு விளையாடு

செய்வினையில் செயலைச் செய்தவர் வெளிப்படையாகத் தெரிவார். செயப்பாட்டுவினையில் அவர் மறைந்து நிற்கவும் கூடும்.

எடுத்துக்காட்டு:
செயப்பாட்டுவினை: பாந்து மக்கள் குற்றப் பழங்குடி என அறிவிக்கப்பட்டனர்.
செய்வினை: ஆங்கில அரசு பாந்து மக்களைக் குற்றப் பழங்குடி என அறிவித்தது.

கீழ்வரும் தொடர்களைச் செய்வினையாக மாற்றுக. மாற்றும்போது, 'யார்?' என்னும் வினாவுக்கு விடை கிடைப்பதைக் கவனிக்க.
1. பெருங்காமநல்லூர் மக்கள் சுடப்பட்டனர்.
2. அனுமதிச் சீட்டு இன்றிச் சென்றவர்கள் தண்டிக்கப்பட்டனர்.
3. நெட் கெல்லி கிளென்ரோவனில் சுற்றிவளைக்கப்பட்டார்.

செயல்திட்டம்

பிறப்பால் உயிர்களுக்குள் வேற்றுமை இல்லை என்னும் கருத்தைத் திருக்குறளின் 'பெருமை' அதிகாரத்தில் தேடிக் கண்டு, குறளையும் பொருளையும் உங்கள் குறிப்பேட்டில் எழுதுக. வீட்டிலுள்ள பெரியோரிடம் அவர்கள் தில்லிக்கு வந்த புதிதில் எந்தப் பெயரால் அழைக்கப்பட்டனர் என்று கேட்டு, அதனைப் பற்றி ஒரு பத்தி எழுதி வகுப்பில் படிக்க.